டீக்கடை ஃபிரான்சைஸுக்குக் கட்டிய 4 லட்சம்: ஒரே வருடத்தில் செலவு எழுதலாமா?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும், கடையை அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்களையும் எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு வயது 36. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் பல வருடம் கேஷியராக இருந்தவர். கணவர் மணலியில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். இரண்டு பிள்ளைகள். சொந்தமாக ஏதாவது செய்ய வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் ஒரு டீக்கடை பிராண்டின் ஃபிரான்சைஸ் எடுத்தார். கட்டணம் 4 லட்சம், அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 72,000. திருப்பித் தரப்படும் டெபாசிட் 1 லட்சம். கடை அலங்காரத்துக்கும் பாய்லர், ஃப்ரிட்ஜ் முதலியவற்றுக்கும் 3.5 லட்சம். ஒப்பந்தம் 5 வருடத்துக்கு. மாத விற்பனையில் 4 சதவீதம் ராயல்டி, அதற்கும் ஜிஎஸ்டி தனி. கட்டணத்தில் 1 லட்சத்தை மட்டும் 'ஏரியா மேனேஜர்' என்று வந்தவரிடம் ரொக்கமாகக் கொடுத்து, ரசீது புத்தகத்தில் ஒரு சீட்டு வாங்கியிருக்கிறார். மீதி வங்கி வழியாகப் போயிருக்கிறது.

நகைக்கடன் 3 லட்சம், கணவரின் பி.எஃப். பணம் 2.5 லட்சம், சித்தி கைமாற்றாக ரொக்கத்தில் தந்த 1.5 லட்சம், மீதி சேமிப்பு என்று பணம் புரட்டியிருக்கிறார். மூன்று மாதம் வாடகை கொடுத்து வேலை பார்த்து, நவம்பர் 10-ஆம் தேதி கடை திறந்தது. விடியற்காலையில் காசிமேட்டுக்குப் போகிறவர்கள், வருகிறவர்கள், மாலையில் மெட்ரோ கூட்டம் என்று நாளுக்குச் சராசரியாக 9,000 ரூபாய் விற்பனை.

இப்போது ரிட்டர்ன் போடும் நேரம். ஏரியா மேனேஜர், "4,72,000-ஐயும் விளம்பரச் செலவுன்னு இந்த வருஷமே எழுதிடலாம், பில்லை அப்படியே மாத்தித் தரோம்" என்கிறாராம். யூடியூபில் ஒருவர் 15 வருடமாகப் பிரிக்க வேண்டும் என்கிறார். பக்கத்துக் கடைக்காரர், ஒப்பந்தம் 5 வருடம் என்பதால் ஐந்து சமபாகம் என்கிறார். இவற்றில் எது சரி? 72,000 ஜிஎஸ்டி திரும்ப வருமா? கடையைக் கணவர் பெயரில் காட்டினால் அவர் சம்பளத்தில் பிடித்த வரியைத் திரும்ப வாங்கலாமா? தங்கை பங்குதாரராகச் சேர விரும்புகிறாள், சேர்க்கலாமா? இவைதான் முக்கியக் கேள்விகள்.

சகோதரி, உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்திவிட்டது: "நகையை வைத்துக் கட்டிய பணம் சார், வரியிலாவது கொஞ்சம் திரும்பி வந்தால் நிம்மதி." அந்த நிம்மதியைப் பொய்யாகத் தர எனக்கு மனமில்லை. நீங்கள் கேட்ட முதல் கேள்விக்குச் சட்டத்தில் தெளிவான பதில் இருக்கிறது. ஆனால் உங்கள் நிலையில் அந்தப் பதிலால் மிச்சமாகும் வரி ஏறக்குறைய ஒன்றுமில்லை. உங்கள் பணம் உண்மையில் கசிகிற இடங்கள் வேறு. ஜிஎஸ்டியிலும், அந்த 1 லட்சம் ரொக்கத்திலும், ஒப்பந்தத்தின் வாசகங்களிலும்தான் நீங்கள் கண் வைக்க வேண்டும்.

கட்டணம் ஒரு சொத்து

அந்த 4 லட்சத்துக்கு நீங்கள் வாங்கியது ஒரு உரிமை. 5 வருடம் அந்தப் பெயரில், அந்த இடத்தில் கடை நடத்தும் உரிமை. வருமான வரிச் சட்டத்தில் தேய்மானம் (சொத்தின் விலையை வருடாவருடம் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவு எழுதுவது) பற்றிய 32-ஆம் பிரிவு காப்புரிமை, வணிகச் சின்னம், உரிமம் ஆகியவற்றோடு 'ஃபிரான்சைஸ்' என்பதையும் பெயர் சொல்லியே கண்ணுக்குத் தெரியாத சொத்துகளில் சேர்த்திருக்கிறது. 1998 ஏப்ரல் 1 முதல் வாங்கியவற்றுக்கு இது பொருந்தும். ஆகவே இதில் பெரிய வாதத்துக்கு இடமில்லை. கட்டணம் மூலதனச் செலவு, அதாவது சொத்து வாங்கிய செலவு, ஒரே வருடத்தில் கழிக்க முடியாது. வருடத்துக்கு 25 சதவீதம் தேய்மானம். அதுவும் ஒவ்வொரு வருடமும் மீதியிருக்கும் மதிப்பின் மேல்.

யூடியூபில் கேட்ட 15 வருடம் அமெரிக்கச் சட்டம். அங்கே 197-ஆம் பிரிவில் ஃபிரான்சைஸ் கட்டணத்தை 15 வருடத்துக்குச் சமமாகப் பிரிப்பார்கள். அதைத் தமிழில் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறார்கள், கேட்கிறவர்களுக்குத்தான் குழப்பம். பக்கத்துக் கடைக்காரர் சொல்லும் ஐந்து சமபாகம் அநேகமாக 35டி பிரிவின் நினைவில் வந்திருக்கும். திட்ட அறிக்கை, சந்தை ஆய்வு, ஒப்பந்தம் எழுத வக்கீலுக்குக் கொடுத்தது போன்ற சில தொடக்கச் செலவுகளுக்குத்தான் அந்தப் பிரிவு. ஃபிரான்சைஸ் கட்டணம் அந்தப் பட்டியலில் இல்லை.

உங்கள் கடை 2025 நவம்பர் 10-இல் திறந்தது. 2026 மார்ச் 31 வரை 142 நாள். 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்ட சொத்துக்கு முதல் வருடம் பாதித் தேய்மானம்தான், அதாவது 12.5 சதவீதம். ஒப்பந்தத்தில் ஆகஸ்டில் கையெழுத்துப் போட்டிருந்தாலும், கடை ஓடத் தொடங்கிய நாளிலிருந்துதான் எண்ண வேண்டும். முழுத் தொகை 4,72,000 என்று வைத்தால் முதல் வருடம் 59,000. மீதி 4,13,000-க்கு இரண்டாம் வருடம் 1,03,250. இப்படிக் குறைந்துகொண்டே போகும். 5 வருடம் முடியும்போதும் கணிசமான மீதி நிற்கும். நடுவில் கடையை மூட நேர்ந்தாலும் அந்த மீதி முழுவதும் அந்த வருடமே செலவாகிவிடாது.

'விளம்பரச் செலவு' என்று பில்லை மாற்றித் தருகிறேன் என்றவரிடம் தயவுசெய்து அந்த உதவியை வாங்காதீர்கள். வரி அதிகாரி பில்லின் தலைப்போடு நிற்க மாட்டார், ஒப்பந்தத்தைக் கேட்பார். அதில் இந்தத் தொகை எதற்கு என்று எழுதியிருக்கும். கட்டணத்துக்குள் ஊழியர் பயிற்சி, திறப்பு விழா விளம்பரம் போன்றவை தனித்தனியாக, தொகையோடு ஒப்பந்தத்திலேயே இருந்தால் அந்தப் பகுதிகளை வருவாய்ச் செலவாக, அதாவது அந்த வருடமே முழுவதும் கழிக்கும் செலவாகக் கேட்க நியாயம் உண்டு. ஒப்பந்தத்தில் இல்லாததைப் பின்னால் பில்லில் உண்டாக்கினால் அது பொய் ஆவணம். மாட்டுவது அவர் இல்லை, நீங்கள்.

மாதாமாதம் கொடுக்கும் 4 சதவீத ராயல்டி வேறு வகை. அது அந்தந்த மாத வியாபாரத்தோடு தீர்ந்துபோகிற செலவு. முழுவதும் கழிக்கலாம். இங்கேயும் ஒரு எச்சரிக்கை உண்டு. ஜோனாஸ் வுட்ஹெட் என்ற நிறுவனத்தின் வரி வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போய் 1997-இல் முடிந்தது. ராயல்டி என்று கொடுத்ததிலேயே 25 சதவீதம் மூலதனச் செலவு என்று தீர்ப்பானது. தொழிலை நிறுவித் தந்ததற்கான விலையும் அந்தத் தொகைக்குள் கலந்திருந்தது என்பதுதான் காரணம். உங்கள் ஒப்பந்தத்தில் நிறுவுவதற்கான விலை தனியாக 4 லட்சம் என்று பிரிந்து நிற்கிறது. அதனால் ராயல்டி பற்றிக் கவலை வேண்டாம். 'முன்கட்டணத்தைக் குறைத்து, ராயல்டியைக் கூட்டிக்கொள்கிறோம்' என்று யாராவது இரண்டாவது கடைக்குப் பேரம் பேசினால் இந்த வழக்கை நினைவில் வையுங்கள்.

டெபாசிட் 1 லட்சத்தை எதிலும் சேர்க்காதீர்கள். அது வீட்டுக்காரரிடம் கொடுத்த அட்வான்ஸ் மாதிரி, திரும்பி வரவேண்டிய உங்கள் பணம். செலவும் கிடையாது, தேய்மானமும் கிடையாது. 'பாதியில் விலகினால் டெபாசிட் பிடித்துக்கொள்ளப்படும்' என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா, எந்தெந்தச் சூழ்நிலையில் என்று மட்டும் ஒருமுறை படித்துவிடுங்கள். அப்படிப் பிடித்துக்கொண்டால் அந்த நஷ்டத்தை வியாபாரச் செலவாகக் கழிக்க விடுவது எளிதல்ல.

பாய்லர், ஃப்ரிட்ஜ் போன்ற இயந்திரங்களுக்கு 15 சதவீதம், மேசை நாற்காலி, மரவேலைக்கு 10, பில் போடும் கம்ப்யூட்டருக்கு 40. எல்லாவற்றுக்கும் முதல் வருடம் பாதிதான். 3.5 லட்சம் என்று ஒரே வரியில் பில் வாங்கியிருந்தால் பிரித்துத் தரச் சொல்லுங்கள். கடை தயாராகும் முன் கொடுத்த மூன்று மாத வாடகை நேரடியாகச் செலவாகாது. அலங்கார வேலை நடந்த காலத்து வாடகையை அந்த வேலையின் விலையோடு சேர்க்கலாம் என்று வாதிட இடம் உண்டு, உங்கள் ஆடிட்டர் பார்த்துச் சொல்வார். நகைக்கடன் வட்டியும் இதே கதைதான். நவம்பர் 10-க்கு முந்தைய வட்டி சொத்தின் விலையோடு சேரும், அதற்குப் பிந்தையது செலவு. நகைக்கடன் என்பதால் கழிக்க முடியாது என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. வாங்கிய பணம் கடைக்குப் போனது என்று வங்கிக் கணக்கில் தெரிந்தால் போதும்.

ரொக்கமாகப் போன 1 லட்சம்

கடிதத்திலேயே எனக்கு அதிகக் கவலை தந்த இடம் இதுதான். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்து வாங்கிய சொத்தின் விலையில் அந்தத் தொகையைச் சட்டம் சேர்த்துக்கொள்ளாது. உங்கள் ஃபிரான்சைஸின் விலை வரிக் கணக்கில் 4,72,000 ஆகாது, 3,72,000தான். முதல் வருடத் தேய்மானம் 59,000 இல்லை, 46,500. இரண்டாம் வருடம் 81,375. அந்த 1 லட்சத்துக்கு எந்த வருடமும் தேய்மானம் கிடையாது.

இதைவிடப் பெரிய கேள்வி, அந்தப் பணம் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது. உங்களிடம் இருப்பது ஒரு சீட்டு. நிறுவனத்தின் ஜிஎஸ்டி இன்வாய்ஸில் 4,72,000 முழுவதும் இருக்கிறதா? அவர்கள் கணக்கில் உங்கள் பெயரில் எவ்வளவு வரவு வைத்திருக்கிறார்கள்? நாளைக்கு அந்த மேனேஜர் வேலையை விட்டுப் போய், 'உங்களிடமிருந்து 1 லட்சம் பாக்கி' என்று நிறுவனம் கடிதம் அனுப்பினால் அந்தச் சீட்டு எவ்வளவு தூரம் தாங்கும்? இன்றைக்கே நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் எழுதுங்கள். என்ன தேதியில் யாரிடம் எவ்வளவு கொடுத்தேன், ரசீது நகல் இணைத்திருக்கிறேன், என் கணக்கு விவரத்தை அனுப்புங்கள் என்று நாலே வரி. பணம் அவர்கள் கணக்குக்குப் போகவே இல்லை என்றால் அதை அந்த ஆளிடமிருந்து மீட்டு, நிறுவனத்துக்கு வங்கி வழியாகக் கட்டும் வழியைப் பாருங்கள். அது நிஜமாக நடக்க வேண்டும், காகிதத்தில் மட்டும் நடந்ததாகக் காட்டக்கூடாது.

சித்தி தந்த 1.5 லட்சமும் ரொக்கம். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கடன் வாங்கக்கூடாது என்பது சட்டம். மீறினால் கடன் தொகைக்குச் சமமான அபராதம் வரை போகலாம், அதுவும் வாங்கியவருக்கு. நியாயமான காரணம் இருந்தால் அபராதத்திலிருந்து விலக்குக் கேட்கலாம். சித்தி ஏன் ரொக்கமாகத் தந்தார், அவருக்கு அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதை இப்போதே அவரிடம் ஒரு கடிதமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். திருப்பிக் கொடுப்பதை வங்கி வழியாக மட்டும் செய்யுங்கள். 'சித்தி நெருங்கிய உறவு, அன்பளிப்பு என்று சொல்லிவிட்டால் வரியும் இல்லை, அபராதமும் இல்லை' என்று யாராவது யோசனை சொல்வார்கள். அம்மாவின் தங்கை கொடுக்கும் அன்பளிப்புக்கு வரி இல்லை என்பது உண்மை. ஆனால் உங்கள் சித்தி கொடுத்தது கடன். அதை அன்பளிப்பு என்று எழுதிவிட்டால் நாளைக்கு அவருடைய பிள்ளைகளிடம் நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

அந்த 72,000

திரும்ப வராது, சகோதரி. துணிக்கடையிலோ ஹார்டுவேர் கடையிலோ ஜிஎஸ்டி பதிவு வைத்து, பொருளுக்கு வரி வசூலிக்கிறவர் என்றால் ஃபிரான்சைஸ் கட்டணத்தின் மேல் கொடுத்த 18 சதவீதத்தை இன்புட் கிரெடிட்டாக எடுத்துக்கொள்ளலாம், அதாவது தான் அரசுக்குக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். நீங்கள் இத்தனை வருடம் துணிக்கடையில் பார்த்தது அதைத்தான், அதனால் வந்த எதிர்பார்ப்பு இது. டீக்கடை சட்டத்தின் கண்ணில் உணவகச் சேவை. அதற்கு வரி 5 சதவீதம், இன்புட் கிரெடிட் இல்லை. தங்கும் விடுதிகளுக்குள் இருக்கும் சில உணவகங்கள் மட்டும் விதிவிலக்கு. தானாக முன்வந்து ஜிஎஸ்டி பதிவு எடுத்தாலும் இது மாறாது. ஆகவே கட்டணத்தின் 72,000-மும், ராயல்டி மேல் மாதாமாதம் போகும் 18 சதவீதமும், பாய்லருக்குக் கொடுத்த வரியும் உங்கள் அடக்கவிலைதான்.

இதில் ஒரே ஆறுதல், கிரெடிட் எடுக்க முடியாத வரியைச் சொத்தின் விலையோடு சேர்த்துத் தேய்மானம் போடலாம். அதனால்தான் மேலே 4,72,000 என்று கணக்கிட்டேன்.

உங்கள் ராயல்டியை உண்மையில் 4 சதவீதம் என்று நினைத்து டீ விலை போடாதீர்கள். வரியோடு சேர்த்து 4.72 சதவீதம். கடந்த நிதியாண்டின் விற்பனை சுமார் 12.78 லட்சம் என்றால் ராயல்டி 51,120, அதன் வரி 9,200 சொச்சம். மாத லாபக் கணக்கில் இதைச் சேர்த்துப் பார்த்தீர்களா?

கடை வெறும் சேவை என்பதால் பதிவு வரம்பு வருடத்துக்கு 20 லட்சம். பொருள் விற்பவர்களுக்கான 40 லட்சத்தை உங்களுக்குச் சொன்னவர் தவறாகச் சொல்லிவிட்டார். முடிந்த நிதியாண்டில் நீங்கள் வரம்புக்குள் இருந்தீர்கள். இதே வேகத்தில் போனால் 2026 நவம்பர் வாக்கில் 20 லட்சத்தைத் தாண்டுவீர்கள். தாண்டிய 30 நாளுக்குள் பதிவு எடுக்க வேண்டும். அக்டோபரிலேயே தயாராக இருங்கள். சிறு வியாபாரிகளுக்கான எளிய ஜிஎஸ்டி முறையான காம்போசிஷன் திட்டத்திலும் உணவகத்துக்கு 5 சதவீதம்தான். ஆனால் அதில் வாடிக்கையாளரிடம் வரியைத் தனியாக வாங்கக்கூடாது, உங்கள் கையிலிருந்து போகும். ரிட்டர்ன் வேலை மட்டும் குறைவு. டீயை எப்படியும் ரவுண்டாக 15 ரூபாய், 20 ரூபாய் என்றுதான் விற்கிறீர்கள் என்றால் இரண்டுக்கும் கைக்காசில் பெரிய வித்தியாசம் வராது. அப்போது காம்போசிஷனே நிம்மதி.

பில்லில் யார் பெயர்?

இதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பதில் எழுதுமுன் நான் தெரிந்துகொள்ள விரும்பியது இதுதான். வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் பில்லில் உங்கள் பெயர் இருக்கிறதா, நிறுவனத்தின் பெயரா? க்யூஆர் கோடில் ஸ்கேன் செய்த பணம் உங்கள் கணக்குக்கு வருகிறதா, அவர்கள் கணக்குக்கா? இப்போது சில பிராண்டுகள் முதலீடு உங்களுடையது, நடத்துவது நாங்கள் என்கிற முறையில் ஆள் சேர்க்கின்றன. விற்பனைப் பணம் முழுவதும் அவர்களுக்குப் போய், உங்களுக்கு ஒரு பங்கு மட்டும் வரும். அப்படி இருந்தால் உங்கள் வருமானம் டீ விற்ற வருமானம் ஆகாது, கமிஷன் போலக் கருதப்படும். மேலே சொன்ன 5 சதவீதக் கணக்கும் கீழே சொல்லப்போகும் 44ஏடி என்ற சுலபமான ரிட்டர்ன் வழியும் உங்களுக்குப் பொருந்தாமல் போய்விடும். உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் நீங்களே பில் போடுவதாகத்தான் தெரிகிறது. அதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

எந்த வழியில் ரிட்டர்ன்?

2025-26 நிதியாண்டுக்கு 1961-ஆம் வருடச் சட்டம்தான் பொருந்தும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் 2025 வந்துவிட்டது, அதில் பிரிவு எண்கள் எல்லாம் மாறியிருக்கின்றன. அடுத்த வருடம் யாராவது வேறு எண் சொன்னால் பயப்படாதீர்கள்.

புதிய வரி முறையில் தனிநபருக்கு மொத்த வருமானம் 12 லட்சம் வரை, தள்ளுபடி போக, வரி இல்லை. உங்களுக்கு வேறு வருமானம் கிடையாது. கடந்த வருடம் ஐந்து மாதக் கடை. லாபமோ நஷ்டமோ, உங்கள் வரி பூஜ்யம். இந்த வருடம் முழுதாக ஓடி 32 லட்சம் விற்றாலும், அதில் 20 சதவீதம் மிஞ்சினால்கூட வருமானம் ஆறரை லட்சத்தைத் தாண்டாது. அப்போதும் பூஜ்யம். அதனால்தான் முதலிலேயே சொன்னேன், 4 லட்சத்தை ஒரே வருடத்தில் எழுதினாலும் ஐந்து வருடத்தில் எழுதினாலும் இப்போதைக்கு உங்களுக்கு ஒரு ரூபாய் மிச்சமாகாது. இதற்காகப் பொய் பில் வாங்கும் ஆபத்தை ஏன் சுமக்க வேண்டும்?

உங்கள் முன் இரண்டு வழி இருக்கிறது. முதலாவது 44ஏடி என்ற உத்தேச வருமானத் திட்டம். வங்கி, யுபிஐ வழியாக வந்த விற்பனைக்கு 6 சதவீதம், ரொக்க விற்பனைக்கு 8 சதவீதம் குறைந்தபட்ச வருமானம் என்று காட்டினால் போதும். உங்களுக்கு அது 77,000-க்கும் 1,02,000-க்கும் நடுவில் வரும். வேலை சுலபம். ஆனால் இதில் தேய்மானத்தைத் தனியாகக் கழிக்க முடியாது. கழித்ததாகவே சட்டம் வைத்துக்கொள்ளும், சொத்தின் மதிப்பும் வருடாவருடம் குறைந்துகொண்டே போகும். 'இப்போது 44ஏடி, நல்ல லாபம் வரும் வருடத்தில் முழுத் தேய்மானம்' என்று நீங்கள் எழுதியிருந்த திட்டம் நடக்காது. அப்புறம், இதில் நுழைந்து அடுத்த ஐந்து வருடத்துக்குள் வெளியே வந்தால் மீண்டும் ஐந்து வருடம் உள்ளே வர முடியாது, வருமானம் விலக்கு வரம்பைத் தாண்டும் வருடங்களில் ஆடிட்டும் கட்டாயம்.

இரண்டாவது, முழுக் கணக்கு எழுதி ஐடிஆர்-3 என்ற ரிட்டர்ன் படிவம் போடுவது. முதல் வருடம் நஷ்டம் என்றால் அதை 8 வருடம் வரை பின்னால் வரும் வியாபார லாபத்தில் கழிக்கலாம். ரிட்டர்னைக் கெடு தேதிக்குள் போட்டால்தான் இந்த உரிமை. கழிக்கப்படாத தேய்மானத்துக்கு மட்டும் வருட வரம்பு இல்லை.

என் யோசனை: இந்த ஒரு கடையோடு நிற்கப் போகிறீர்கள் என்றால் 44ஏடி போதும். இரண்டு மூன்று வருடத்தில் திருவொற்றியூர் பக்கம் இன்னொரு கடை, அதற்கு வங்கிக் கடன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த எண்ணம் உறுதியானால் முதல் வருடத்திலிருந்தே முழுக் கணக்கு எழுதுங்கள். வங்கி மேலாளர் கேட்கப்போவது உங்கள் உண்மையான லாப நஷ்டக் கணக்கை. கேஷியராக இருந்த உங்களுக்கு அது கஷ்டமும் இல்லை.

ராயல்டி கொடுக்கும்போது 10 சதவீதம் டிடிஎஸ் (கொடுக்கும் பணத்திலேயே வரியைப் பிடித்து அரசுக்குக் கட்டுவது) பிடிக்க வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். தனிநபருக்கு, முந்தைய வருட விற்பனை 1 கோடியைத் தாண்டியிருந்தால்தான் அந்தப் பொறுப்பு. உங்களுக்கு இப்போது இல்லை.

கணவர் பெயரும் தங்கையின் பங்கும்

கடையைக் கணவர் பெயரில் காட்டினால் நஷ்டத்தை அவர் சம்பளத்தில் கழித்து வரியைத் திரும்ப வாங்கலாம் என்பது பலரும் நம்புகிற விஷயம். வியாபார நஷ்டத்தைச் சம்பள வருமானத்தில் கழிக்கச் சட்டம் இடம் தரவில்லை. ஒப்பந்தம், வாடகைப் பத்திரம், வங்கிக் கணக்கு எல்லாம் உங்கள் பெயரில் இருக்கும்போது ரிட்டர்னில் மட்டும் கணவர் பெயர் வருவதும் உண்மைக்கு மாறானது. லாபம் வரத் தொடங்கினால் இன்னும் மோசம். உங்களிடம் வரியில்லாமல் தங்கும் வருமானம் அவர் சம்பளத்தோடு சேர்ந்து வரிக்குள் போகும்.

கணவர் தந்த 2.5 லட்சத்தை மட்டும் கவனியுங்கள். மனைவிக்கு அன்பளிப்பாகக் கொடுத்த பணம் வியாபாரத்தில் போனால், முதலீட்டில் அதன் விகிதத்துக்கு ஏற்ற லாபம் கணவரின் வருமானத்தோடு சேர்க்கப்படும். அதைக் கடனாகவே நினைத்துத்தான் வாங்கினீர்கள் என்றால், அப்படியே ஒரு தாளில் எழுதி, சிறிது வட்டியோடு வங்கி வழியாகத் திருப்பிக் கொடுத்து வாருங்கள். அம்மா வீட்டில் போட்ட உங்கள் நகையை வைத்து வாங்கிய 3 லட்சத்துக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

தங்கை விஷயத்தில் அவசரப்படாதீர்கள். பங்குதாரர் நிறுவனமாக மாறினால் முதல் ரூபாய் லாபத்திலிருந்தே 30 சதவீத வரி, அதன் மேல் செஸ். 12 லட்சம் தள்ளுபடி நிறுவனத்துக்குக் கிடையாது. பங்குதாரர் சம்பளமும் வட்டியும் வரம்புக்குள் கழிக்கலாம் என்றாலும், அவற்றிலும் 2025 ஏப்ரல் முதல் வருடத்துக்கு 20,000-ஐத் தாண்டினால் டிடிஎஸ் பிடிக்க வேண்டும். ராயல்டிக்கும், வருடத்துக்கு 50,000-ஐத் தாண்டினால், முதல் வருடத்திலிருந்தே டிடிஎஸ். இதைவிட முக்கியமாக, உங்கள் ஃபிரான்சைஸ் உரிமை உங்கள் பெயரில் இருக்கிறது. நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் இன்னொருவரைச் சேர்த்தால் அதையே ஒப்பந்த மீறல் என்று சொல்லி உரிமையை ரத்து செய்யலாம். தங்கை கடையில் வேலை செய்கிறாள் என்றால் மாதச் சம்பளமாக வங்கி வழியாகக் கொடுங்கள். முழுக் கணக்கு எழுதும்போது அது நியாயமான செலவு. அவள் பணமும் போடுகிறாள் என்றால் வட்டியோடு கடனாக வாங்குங்கள்.

ரிட்டர்ன் போடுமுன் ஆடிட்டரிடம் ஒப்பந்தத்தின் முழு நகல், நிறுவனத்தின் ஜிஎஸ்டி இன்வாய்ஸ், ரொக்கச் சீட்டு, நகைக்கடன் கணக்கு, அலங்கார வேலையின் பிரித்த பில், நவம்பர் 10 முதல் மார்ச் 31 வரை நாள்வாரி விற்பனை ஆகியவற்றைக் கொண்டு போங்கள். நிறுவனத்துக்கு எழுதும் அந்த நாலு வரிக் கடிதத்தை அதற்கும் முன்பே அனுப்பிவிடுங்கள். பதில் வந்தால் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், 1 லட்சத்தை எப்படிக் கணக்கில் காட்டுவது என்று பார்த்துச் சொல்கிறேன்.